அச்சில் விழுந்த குழி



வழக்கமாக இலக்கணமும் கற்பித்தல் முறையும் எழுதிவரும் இந்தப் பக்கத்தில் இன்று லோரி அச்சைப் பற்றி எழுதுகிறேன். “ஆசிரியைக்கும் அச்சுக்கும் என்ன தொடர்பு?” என்று சிலர் வினவக்கூடும். கிள்ளான் வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளியில் பணியாற்றும் எவருக்கும் லோரி அயலான பொருளன்று. துறைமுகத்திலிருந்து கொள்கலன் ஏற்றிச் செல்பவர், செம்பனைத் தோட்டங்களுக்கு உரம் கொண்டு செல்பவர், மீன் ஏற்றுபவர், மணல் ஏற்றுபவர் என நம் மாணவர்களின் தந்தையர் பலரும் சக்கரங்களின்மேல் அமர்ந்துதான் குடும்பத்தைக் காக்கிறார்கள். அந்தச் சக்கரங்களைத் தாங்குவது அச்சு. அந்த அச்சைத் தின்பது துரு. ஆகவே இதுவும் நம் பிள்ளைகளைப் பற்றிய செய்திதான்.

தொடக்கப்பள்ளி அறிவியலில் துருப்பிடித்தலைக் கற்பிக்கிறோம். மூன்று சோதனைக் குழாய்களில் ஆணிகளை இட்டு, காற்றும் நீரும் சேர்ந்தால்தான் இரும்பு துருவேறும் என்று காட்டுகிறோம். வர்ணம் பூசலாம், எண்ணெய் தடவலாம், துத்தநாகப் பூச்சு இடலாம் என்று தடுக்கும் வழிகளைச் சொல்லிப் பாடத்தை முடிக்கிறோம். ஏற்கெனவே துருவேறிவிட்டால் என்ன செய்வது என்பதைப் பாடம் சொல்வதில்லை. நம் மக்களிற் பெரும்பாலோர் வாங்குவது பழைய லோரியைத்தானே? அவர்களுக்கு வேண்டியது அந்தச் சொல்லப்படாத பகுதியே.

பழந்தமிழர் அறிந்த அச்சு

அச்சின் வலிமை பற்றிய கவலை தமிழுக்குப் புதிதன்று. திருக்குறளில் ‘வலியறிதல்’ அதிகாரத்தில், மயிற்பீலியைப் போன்ற மெல்லிய பொருளாயினும் அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று வள்ளுவர் கூறுகிறார். புறநானூற்றின் 102-ஆம் பாடலில் ஔவையார், மேடும் பள்ளமும் நிறைந்த வழியில் செல்லும் உப்பு வணிகர்கள் வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு போவதைக் குறிப்பிடுகிறார். உமணர் எனப்பட்ட அந்த வணிகர்கள், அச்சு ஒருநாள் முறியும் என்பதை முன்னரே எண்ணிப் பயணம் புறப்பட்டார்கள்.

வள்ளுவர் காட்டியது சுமை கூடுவதால் வரும் முறிவு. நான் இங்கே சொல்ல விழைவது அதன் மறுபக்கம். சுமை அதே அளவில் இருக்க, அச்சின் வலிமை நாள்தோறும் குறைந்துகொண்டே வந்தால் என்னாகும்? நம் நாட்டு லோரிகளின் கதவில் ஏற்றத்தக்க எடை எழுதப்பட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த எடை, நல்ல நிலையிலுள்ள அச்சைக் கருதிக் கணக்கிடப்பட்டது. துரு அரித்த அச்சுக்கு அது பொருந்தாது. கதவிலுள்ள எழுத்து மாறுவதில்லை. அடியிலுள்ள இரும்பு மாறிவிடுகிறது.

கிள்ளானின் உப்பு

இரும்பு துருவேறக் காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 60 விழுக்காட்டைத் தாண்டினாலே போதும். நம் கிள்ளான் பள்ளத்தாக்கில் ஈரப்பதம் பெரும்பாலும் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. இதனோடு உப்பும் சேர்ந்துகொள்கிறது. துறைமுகத்துக் கடற்காற்றில் உப்பு உண்டு. மீன் லோரியின் அடியில் வழியும் பனிக்கட்டி நீரில் உப்பு உண்டு. செம்பனைக்கு இடும் பொட்டாஷ் உரம், வேதியியல் முறையில் பொட்டாசியம் குளோரைடு எனப்படும் ஓர் உப்பே. உர மூட்டை கிழிந்து சிந்திய தூள், மழைநீரில் கரைந்து அச்சின் மூட்டுகளுக்குள் இறங்குகிறது.

உப்பிலுள்ள குளோரைடு இரும்பைச் சீராக அரிப்பதில்லை. ஓரிடத்தைப் பற்றிக்கொண்டு துளைக்கிறது. துளை சிறிது ஆழமானதும் அதனுள் இருக்கும் நீர் அமிலத் தன்மை பெறுகிறது. அந்த அமிலம் மேலும் அரிக்க, குழி தன்னைத் தானே ஆழமாக்கிக்கொள்கிறது. குழியின் வாயைச் செந்துரு மூடிவிடுவதால் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஆழம் தெரிவதில்லை. பரவலாகப் படிந்த துரு அச்சுறுத்தும் தோற்றம் கொண்டது. ஆனால் பெரும்பாலும் தீங்கு குறைந்தது. மிளகளவு தெரியும் ஒரு புள்ளியே சில வேளைகளில் உயிருக்கு உலை வைக்கிறது.

குழி ஏன் கொடியது?

பலகை ஒன்றில் வட்டமான சிறு துளை இட்டு இழுத்தால், துளையின் விளிம்பில் ஏற்படும் தகைவு மற்ற இடங்களைப்போல் மூன்று மடங்காகிறது. துளை கூர்மையாக இருந்தால் அது இன்னும் மிகுகிறது. துருக்குழியின் அடிப்பகுதி வழவழப்பானதன்று, கரடுமுரடானது. அங்கே கண்ணுக்குத் தெரியாத விரிசல் ஒன்று பிறக்கிறது. ஒவ்வொரு பள்ளத்திலும் சக்கரம் விழுந்து எழும்போது அந்த விரிசல் மயிரிழையளவு முன்னேறுகிறது. ஒருநாள், மிஞ்சியிருக்கும் இரும்பால் சுமையைத் தாங்க முடியாதபோது அச்சு ஒடிகிறது. ஒடிந்த நாளில் ஏற்றிய சுமை குறைவாகவே இருந்திருக்கலாம்.

இந்த உண்மையை மாந்தர் கற்றுக்கொண்டது இரயில் அச்சுகளிடமிருந்துதான். 1842 மே 8-ஆம் நாள் வெர்சாயிலிருந்து பாரிசுக்குச் சென்ற இரயிலின் இயந்திர அச்சு ஒடிந்து, தீப்பற்றி, ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அக்காலத்தில் இரும்பு பழசானால் உள்ளே படிகமாகி நொறுங்குகிறது என்று பலர் நம்பினார்கள். ஸ்காத்லாந்துப் பொறியாளர் ரேங்கின், ஒடிந்த அச்சுகளை ஆராய்ந்து, அச்சின் விட்டம் திடீரென மாறும் மூலையில் விரிசல் தோன்றிப் படிப்படியாக உள்நோக்கி வளர்கிறது என்று விளக்கினார். பின்னர் செருமனியின் வோலர் 1870 வரை பல ஆண்டுகள் அச்சுகளைச் சுழற்றிச் சோதித்து, குறிப்பிட்ட அளவுக்குக் கீழான சுமையில் எஃகு எத்தனை முறை வளைந்தாலும் ஒடிவதில்லை என்று கண்டார். அந்தக் காப்பு அரிப்பில்லாத எஃகுக்கே உரியது. அரிப்பும் வளைவும் ஒன்றாகத் தாக்கினால் அந்தப் பாதுகாப்பு எல்லையே இல்லாமற் போகிறது.

இவை பழங்கதைகள் அல்ல. 2009 ஜூன் 29-ஆம் நாள் இத்தாலியின் வியாரெஜியோ நகரில், எரிவாயு ஏற்றிய இரயில் பெட்டி ஒன்றின் அச்சு ஒடிந்தது. பெட்டி தடம் புரண்டு, வாயு கசிந்து தீப்பற்றி, 32 பேர் உயிரிழந்தனர். அந்த அச்சில் துரு அரித்திருந்ததும், விரிசல் நெடுநாளாக வளர்ந்திருந்ததும் பின்னர் தெரியவந்தன.

நம் நாட்டிலும் கனரக வாகனங்களின் பராமரிப்பு பற்றிய கவலை மிகுந்துள்ளது. 2025 மே 13-ஆம் நாள் தெலுக் இந்தானில் கல் ஏற்றிய லோரி மோதியதில் கலகத் தடுப்புக் காவற்படையினர் ஒன்பது பேர் உயிரிழந்ததை நாம் மறக்கவில்லை. அது அச்சு ஒடிந்ததால் நேர்ந்த விபத்தன்று. எனினும் லோரியின் அடியில் என்ன இருக்கிறது என்ற வினாவை அது வீட்டுக்கு வீடு எழுப்பியது.

செந்தூலிலிருந்து வந்த கலை

கோலாலம்பூருக்கும் கிள்ளான் ஆற்றோரத்துப் புக்கிட் கூடாவுக்கும் இடையே 1886-இல் இரயில் ஓடத் தொடங்கியது. 1901-இல் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. 1972-இல் அது போர்ட் கிள்ளான் எனப் பெயர் மாறியது. இந்தப் பாதையின் தண்டவாளங்களிலும் நிலையங்களிலும் பட்டறைகளிலும் தமிழர் உழைப்பு கலந்திருக்கிறது. இன்று கே.எல். சென்ட்ரல் நிலையம் நிற்கும் பிரிக்பீல்ட்ஸ் நிலத்தில், 2001-க்கு முன் சரக்குப் பெட்டிகளைப் பிரித்துக் கோக்கும் இரயில் முற்றம் இருந்தது. பெட்டிகளைப் பழுது பார்க்கும் பெரும் பட்டறை செந்தூலில் இயங்கியது.

என் தாத்தா அந்தச் செந்தூல் பட்டறையில் வேலை செய்தவர். அவரிடம் கற்ற பழக்கங்களைத்தான் என் பெரியப்பா கிள்ளானில் வைத்திருக்கும் சிறிய லோரிப் பட்டறைக்குக் கொண்டுவந்தார். இரயில் அச்சு சக்கரத்தோடு சேர்ந்து சுழல்வது. கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் வரையிலான 40 கிலோமீட்டர் அளவுத் தொலைவில் அது ஏறத்தாழ 14,000 முறை சுழல்கிறது. ஒவ்வொரு சுழற்சியிலும் ஒருமுறை வளைந்து நிமிர்கிறது. லோரியின் முன் அச்சு சுழல்வதில்லை. அதன் முனைமீது சக்கரம் மட்டுமே சுழல்கிறது. ஆயினும் சாலையின் ஒவ்வொரு குலுக்கலும் அந்த முனையை வளைக்கிறது. “இரயில் அச்சு ஒடிஞ்சா பேப்பர்ல வரும், லோரி அச்சு ஒடிஞ்சா ரோட்டோரத்துல கிடக்கும். இரும்புக்கு ரெண்டும் ஒண்ணுதான்மா” என்று பெரியப்பா சொல்வதுண்டு.

மூன்று இடங்கள், மூன்று தீர்ப்புகள்

பள்ளி விடுமுறைகளில் அந்தப் பட்டறையில் அமர்ந்து பார்த்ததை வைத்து எழுதுகிறேன். பெரியப்பா துருவைக் கண்டதும் தூரிகையை எடுப்பதில்லை. துரு எந்த இடத்தில் இருக்கிறது என்றுதான் முதலில் பார்க்கிறார். ஒரே அச்சில் மூன்று வகை இடங்கள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் ஒரு தீர்ப்பு உண்டு.

முதலாவது, அச்சின் உடல். சக்கரத்திலிருந்து விலகிய இந்தப் பகுதியில் எதுவும் உரசுவதில்லை. இங்கே படியும் துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, மிஞ்சியதற்குத் துருமாற்றி பூசலாம். துருமாற்றியிலுள்ள பாஸ்போரிக் அமிலமோ டானிக் அமிலமோ செந்துருவைக் கறுப்பான, கெட்டியான படலமாக மாற்றுகிறது. அன்னபேதியும் கடுக்காயும் கலந்து முன்னோர் மை காய்ச்சியதும் இதே வேதியியல்தான். படலம் காய்ந்தபின் அடிப்பூச்சும் வர்ணமும் பூசினால் போதும். ஆனால் வில்தட்டு அச்சின்மீது அமர்ந்து, யூ போல்ட்டால் இறுக்கப்பட்டிருக்கும் இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். அந்த இடுக்கில் நீர் தங்கி மறைவாக அரிக்கும். கழற்றிப் பார்த்தாலன்றி உண்மை தெரியாது.

இரண்டாவது, ஆயில் சீலின் ரப்பர் உதடு உரசும் வளையப் பரப்பு. இங்கே குழி விழுந்தால் அச்சு உடனே ஒடிந்துவிடாது. ஆனால் அந்தக் குழி ரப்பரை அறுக்கிறது, கிரீஸ் வெளியேறுகிறது, நீர் உள்ளே நுழைகிறது. பிறகு பேரிங் கெடுகிறது. இதற்கு மாற்று உண்டு. அந்தப் பரப்பின்மேல் மெல்லிய துருப்பிடிக்காத எஃகு உறையொன்றை ஏற்றிவிட்டால் சீல் புதிய பரப்பில் உரசும். புதிய சீலை மட்டும் மாற்றி அனுப்புவது சில வாரங்களுக்கான வேலைதான்.

மூன்றாவது, பேரிங் அமரும் இடமும், அச்சு முனை தடித்த உடலோடு சேரும் வளைவும். பட்டறையில் இந்த முனையை ஸ்பிண்டல் என்பார்கள். சுமை முழுவதும் வளைத்து ஒடிக்கப் பார்ப்பது இந்த அடிவளைவைத்தான். ரேங்கின் சுட்டிய மூலையும் இதுவே. இங்கே குழி கண்டால் பெரியப்பா பேசுவதில்லை. துணியால் துடைத்துவிட்டுத் தலையை ஆட்டுவார். அது கழிக்கப்பட வேண்டிய அச்சு.

ஆழமற்ற தேய்மானத்தைத் தயாரிப்பாளர் அனுமதிக்கும் அளவுக்குள் மெருகேற்றிச் சமப்படுத்துவதுண்டு. அப்போதும் எமரித் தாளை அச்சின் நீளவாக்கில் ஓட்ட வேண்டும். குறுக்கே விழும் கீறல் ஒவ்வொன்றும் புதிய விரிசலுக்கு இடம் கொடுக்கும்.

வெள்ளத்திற்குப் பின் வந்த லோரி

2021 டிசம்பர் 18-ஆம் நாளைக் கிள்ளான் பள்ளத்தாக்கு மக்கள் மறக்கமாட்டார்கள். ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் வீடுகளும் வாகனங்களும் நீரில் மூழ்கின. நீர் வடிந்த பின்னரும் வாகனங்களுக்குள் சேறும் ஈரமும் தங்கிவிட்டன. நீரில் நின்ற சக்கரத்தின் ஹப்புக்குள் சீல் வழியாக நீர் புகும்; கிரீசோடு கலக்கும்; மாதக்கணக்கில் உள்ளேயே இருக்கும்.

2022-ஆம் ஆண்டின் நடுவில், எங்கள் பள்ளி மாணவி ஒருத்தியின் தந்தை பழைய சிறிய லோரி ஒன்றை வாங்கியிருந்தார். அதுவரை பிறருடைய லோரியை ஓட்டிக் கூலி பெற்றவர். சொந்தமாக ஒரு லோரி என்பது அவருடைய பல்லாண்டுக் கனவு. சேமிப்பும் மனைவியின் நகையும் அதில் கலந்திருந்தன. விலை மலிவு, அடிப்பாகம் முழுவதும் புதிதாகக் கறுப்பு வர்ணம் பூசப்பட்டுப் பளபளத்தது. இரண்டு மாதங்களில் வலது முன்சக்கரத்திலிருந்து மெல்லிய ஊளை கேட்கத் தொடங்கியது. பெரியப்பாவின் பட்டறையைப் பற்றி என்னிடம் கேட்டறிந்து, ஒரு சனிக்கிழமை காலை லோரியைக் கொண்டுவந்தார். அன்று நானும் அங்கிருந்தேன்.

சக்கரத்தைக் கழற்றி ஹப்பை இழுத்தபோது கிரீஸ், தே தாரிக் நிறத்தில் வழிந்தது. நீர் கலந்த கிரீசுக்கு அந்த நிறம்தான். பேரிங்கின் உள்வளையத்தில் பழுப்புக் கறை. முனையை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்ததும் இரண்டு இடங்களில் குழிகள் தெரிந்தன. இரண்டு பேரிங்குகளுக்கும் இடையிலுள்ள வெற்றுப் பகுதியில் பத்துப் பன்னிரண்டு, அடிவளைவில் மூன்று. பலவாக இருந்தவற்றைப் பெரியப்பா பொருட்படுத்தவில்லை. மூன்றாக இருந்தவற்றைக் குண்டூசி முனையால் தொட்டுப் பார்த்தார். அவை வெள்ளம் ஒரு நாளில் செய்தவை அல்ல. பல ஆண்டு உப்பு செய்தவை. வெள்ளம் அவற்றை விரைவுபடுத்தியது.

“அண்ணே, துருதானே? தேய்ச்சுப் பெயிண்ட் அடிச்சா சரியாயிடாதா?” என்றார் அவர்.

“துரு போயிடும் தம்பி. குழி போகாது.”

“வெல்டிங் வச்சு மேடாக்கி, லேத்துல கடைஞ்சிடலாமே? வேற பட்டறையில ஒரே நாள்ல செஞ்சு தரேன்னு சொல்றாங்க.”

பெரியப்பா உடனே மறுக்கவில்லை. அந்த முனை சாதாரண இரும்பன்று, சூடேற்றிப் பதப்படுத்திய எஃகு என்பதை விளக்கினார். வெல்டிங்கின் சூட்டில் ஓரங்களின் பதம் கெட்டு, அந்தப் பகுதி எளிதில் நொறுங்கும் தன்மை பெறும். குழி மறையும், ஆனால் விரிசலுக்கு அதைவிட வசதியான இடம் அதன் பக்கத்திலேயே உண்டாகும் என்றார். அந்தத் தந்தை தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். அவர் கண்ணுக்குத் தெரிந்தது எஃகின் பதமன்று; மாதத் தவணை. லோரி நின்றால் வருமானமும் நிற்கும். அதை நன்கு அறிந்த பெரியப்பா, “நான் சொல்றத நம்ப வேணாம். நீங்களே பாருங்க” என்று சொல்லி எழுந்தார்.

பழைய இரயில் பட்டறைகளில் வழங்கிய எண்ணெய்–சுண்ணச் சோதனையைத்தான் அவர் செய்தார். முனையை நன்கு சுத்தம் செய்து, மெல்லிய எண்ணெயும் மண்ணெண்ணெயும் கலந்து தடவி ஊறவிட்டார். பிறகு பரப்பை உலரத் துடைத்தார். எங்கள் பள்ளியில் கரும்பலகை போய் வெண்பலகை வந்தபோது மீந்துபோன வெண்கட்டிப் பெட்டிகளைத் தலைமையாசிரியரின் இசைவோடு பெரியப்பாவுக்குக் கொடுத்திருந்தேன். அதிலிருந்து ஒன்றை எடுத்துப் பொடித்து, வெள்ளையாகப் பூசினார். சுத்தியலால் மெல்லத் தட்டிவிட்டு, எல்லாருக்கும் தேநீர் வாங்கிவரச் சொன்னார்.

தேநீர் வருவதற்குள் வெண்மையின் நடுவே முடியளவான பழுப்புக் கோடு ஒன்று தோன்றியது. நடுவிலிருந்த குழியின் ஊடாக, வளைவையொட்டி, ஒரு கட்டை விரல் அகலத்துக்கு அது நீண்டது. விரிசலுக்குள் புகுந்திருந்த எண்ணெய் மெல்ல வெளியேறி வெண்கட்டித் தூளை நனைத்த கோடு அது. யாரும் விளக்கம் சொல்லவில்லை. அவர் குனிந்து நெடுநேரம் பார்த்தார். பிறகு, “புள்ளைய முன்னால உட்கார வச்சுத்தான் டீச்சர் ஸ்கூலுக்கு வர்றேன்” என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

ஒன்றைக் கட்டாயம் குறிப்பிட வேண்டும். கோடு தோன்றினால் விரிசல் உண்டு என்று கொள்ளலாம். கோடு தோன்றாவிட்டால் விரிசல் இல்லை என்று கொள்ள முடியாது. துரு நிரம்பிய விரிசலுக்குள் எண்ணெய் புகாமற் போகலாம். அதனால்தான் இன்று நிறச்சாய ஊடுருவல் சோதனையும் காந்தத் துகள் சோதனையும் வழக்கில் உள்ளன. அடிவளைவில் குழி இருந்தால், கோடு தோன்றினாலும் தோன்றாவிட்டாலும் அந்த முனையைக் கழிப்பதே பெரியப்பாவின் முறை. அன்று செய்த சோதனை, லோரிக்காரர் தம் கண்ணால் காண்பதற்காக.

புதிய ஸ்பிண்டலின் விலை அவருக்கு எட்டவில்லை. ஜப்பானிலிருந்து வரும் பழைய உதிரிப்பாகங்களை விற்கும் ஹாஃப்-கட் கடைகளில் தேடினார்கள். முதலில் கிடைத்ததைப் பெரியப்பா திருப்பி அனுப்பினார். அதிலும் அதே வளைவில் குழி இருந்தது. இரண்டாவது தேறியது. இதற்குள் இரண்டு வாரங்கள் ஓடிவிட்டன. அந்த இரண்டு வாரங்களும் அந்த வீட்டில் எப்படிக் கழிந்தன என்பதை மாணவியின் காலைச் சிற்றுண்டிப் பெட்டியைப் பார்த்து நான் அறிந்தேன். பெரியப்பா வேலைக் கூலியைத் தவணையாகப் பெற்றுக்கொண்டார். இரும்பில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. அந்தப் பழைய முனை இப்போது எங்கள் அறிவியல் அறையில் இருக்கிறது. மாணவர்கள் நகத்தால் குழியைத் தடவிப் பார்க்கிறார்கள். ஆணிச் சோதனை கற்பிக்காத பாடத்தை அது கற்பிக்கிறது.

பெற்றோர்களுக்குச் சில சொற்கள்

வணிக வாகனங்கள் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை பரிசோதனைக்குச் செல்ல வேண்டும் என்பது நம் நாட்டு விதி. அது தேவையான விதியே. ஆனால் அங்கே ஹப்பைக் கழற்றிப் பார்ப்பதில்லை. கழற்றினால் மட்டுமே தெரிவதை நாம்தான் பார்க்க வேண்டும். பெரியப்பாவிடம் கேட்டு எழுதிய குறிப்புகள் இவை:

1. பழைய லோரி வாங்குகையில், அடிப்பாகம் மட்டும் புதிதாக வர்ணம் பூசியிருந்தால் மகிழ வேண்டா. ஏன் என்று கேளுங்கள். வாங்குவதற்கு முன் ஒரு முன்சக்கரத்தையும் ஒரு பின்சக்கரத்தையுமாவது கழற்றிப் பார்க்க இசைவு கேளுங்கள். விற்பவர் மறுத்தால் அதுவே விடை.

2. சக்கரம் ஊளையிட்டாலோ, ஹப் கைபொறுக்காத அளவு சுட்டாலோ, சக்கரத்தின் உட்புறம் கிரீஸ் தெறித்திருந்தாலோ மறுநாளுக்குத் தள்ளிப்போட வேண்டா.

3. லோரி வெள்ளத்தில் ஹப் அளவுக்கு மூழ்கியிருந்தால், ஓடுகிறதே என்று விட்டுவிடாமல் ஹப்பைத் திறந்து கிரீசையும் சீலையும் மாற்றுங்கள். பின் அச்சின் எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் அதையும் மாற்றுங்கள்.

4. உரமோ மீனோ ஏற்றிய நாளின் மாலையில் அடிப்பாகத்தை நன்னீரால் கழுவுங்கள். ஹப்பின் சீல்மீது மட்டும் நீரைப் பீய்ச்சி அடிக்க வேண்டா.

5. துருவகற்ற அமிலத்தில் அச்சுப் பாகங்களை ஊறப்போட வேண்டா. அமிலம் வெளியிடும் ஹைட்ரஜன், வலிமை மிக்க எஃகுக்குள் புகுந்து அதை நொறுங்கச் செய்யும்.

6. பேரிங் இடத்தையும் அடிவளைவையும் வெல்டிங் வைத்து நிரப்பித் தருவதாக யார் சொன்னாலும், எவ்வளவு மலிவாகச் சொன்னாலும், ஏற்க வேண்டா.

ஆசிரியர்களுக்கு

துருப்பிடித்தல் பாடத்தை நடத்தும்போது புத்தம்புது ஆணியோடு நிறுத்தாமல், பழைய இரும்புப் பொருள் ஒன்றையும் வகுப்புக்குக் கொண்டுசெல்லுங்கள். இதைத் துடைக்கலாமா, மாற்ற வேண்டுமா, எப்படி முடிவு செய்வாய் என்று மாணவரைக் கேளுங்கள். லோரி ஓட்டும் தந்தையின் பிள்ளை அன்று முதல் ஆளாகக் கையை உயர்த்துவான். தந்தையின் தொழில் வகுப்பறையில் மதிப்புப் பெறுவதை அவன் காணட்டும். கைத்தொழிற் கல்வியை நாடிச் செல்லும் மாணவரை ‘படிப்பு வராதவர்’ என்று முத்திரை குத்தும் வழக்கமும் நம்மிடமிருந்து நீங்கட்டும். குழியின் இடமறிந்து தீர்ப்புச் சொல்லும் கூர்மை எந்தப் பட்டத்துக்கும் குறைந்ததன்று.

இப்போது சாலைகளில் ஓடிக்கொண்டிருக்கும் எத்தனையோ லோரிகளின் கதவுகளில் எடை எழுதப்பட்டிருக்கிறது. அந்த எழுத்து உண்மையாக நிற்க வேண்டுமானால், ஹப்பைத் திறந்து பார்க்க ஒருவர் முன்வர வேண்டும்; கண்டதைக் கூசாமல் சொல்ல வேண்டும்; கேட்பவர் அதற்குரிய விலையைக் கொடுக்க வேண்டும். மூன்றும் கடினமானவைதாம். ஆயினும் மூன்றும் நம் கையில் இருப்பவை.